படிவத்தில் இல்லாத கட்டம்

போன கல்வியாண்டில் ஒரு நாள் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி துறை அறைக்கு வந்து என் மேசைமேல் ஒரு தாளை வைத்தாள். ராணுவத்தின் என்.சி.சி. சிறப்பு நுழைவுத் திட்டத்துக்கான விண்ணப்பம். 'சி' சான்றிதழ் வைத்திருப்பவர்கள் எழுத்துத் தேர்வு இல்லாமலே நேராக அதிகாரிகள் தேர்வு வாரியத்துக்குப் போகலாம். இறுதியாண்டு படிப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி. அவளுக்கு வேண்டியது நன்னடத்தைச் சான்று. வகுப்பாசிரியர் என்ற முறையில் நான் ஒரு கையெழுத்துப் போட்டால் அலுவலகத்தில் முத்திரை வைத்துக் கொடுப்பார்கள். நான் பேனா மூடியைத் திறந்துகொண்டே கேட்டேன்: "வீட்ல கேட்டியாம்மா?"

அவளுக்கு இருபது வயது. படிவத்தில் பெற்றோர் கையெழுத்துக்கென்று எந்த இடமும் இல்லை. "கேக்கணுமா மேம்?" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

என்னிடமும் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். அப்போது நான் எம்.ஏ. முதலாண்டு. 1998. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெட்டிக்கடையில் 'எம்ப்ளாய்மென்ட் நியூஸ்' வாங்குவேன். அதில் பெண்களுக்கான சிறப்பு நுழைவுத் திட்டம் பற்றிய விளம்பரம் வந்திருந்தது. திருமணமாகாத பெண் பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம். எனக்குக் கவிதை எழுதத் தெரியும், பாயிண்ட் டூ டூ ரைபிளில் ஐந்து தோட்டாவைக் கைரேகை அளவு இடத்துக்குள் அடிக்கவும் தெரியும். இரண்டில் எது சோறு போடும் என்று அந்த வயதில் தெளிவாக இல்லை. விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு நான் படித்த கல்லூரியில் நன்னடத்தைச் சான்று கேட்டேன். "அப்பா கையெழுத்து வாங்கிட்டு வா, அப்புறம் நான் போடுறேன்" என்று சொல்லப்பட்டது. படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்பாவுக்கு அதில் கட்டம் இல்லை. தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "இதுக்கு மேல போடச் சொல்லு" என்றார்கள்.

அந்தப் பென்சில் கோட்டைப் பற்றி இருபத்தைந்து வருடமாக வகுப்பிலும் மேடையிலும் பேசியிருக்கிறேன். கடைசியில் கோடு போடுகிற கை என்னுடையதாகவும் ஆகிவிட்டது. இந்தக் கட்டுரையை அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் ஏறுகிற, இறங்குகிற மூட்டைகளை எண்ணுகிற வேலை. "ஹார்பர்ல எத்தனையோ நேவிக்காரங்களப் பாத்திருக்கேன். ஒரு பொம்பளையப் பாத்ததில்ல" என்றார். அது மறுப்பாகவும் இல்லை, சம்மதமாகவும் இல்லை. எண்ணிக்கை சொன்ன மாதிரி இருந்தது. அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. கடற்கரை ஊர்ப் பெண் ஒருத்தி துப்பாக்கி, சீருடை என்று பேசினால் யார் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம்.

அன்று வாயைத் திறந்தது பாட்டிதான், அம்மாவைப் பெற்றவள். எங்கள் தாத்தா முத்துக் குளித்தவர். 1955இல் தொடங்கி 1961 வரை நடந்த கடைசிச் சலாபத்தில் மூழ்கியவர்களில் அவரும் ஒருவர். அதற்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நடக்கவில்லை. ஊருக்கு முத்துநகர் என்ற பெயர் மட்டும் ரயிலில் ஓடுகிறது. குளியாளி கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து இழுப்பு வந்ததும் அவர் தூக்க வேண்டும். ஒரு நிமிடக் கணக்கு. தூக்க நேரமானால் வெறும் உடல்தான் வரும். அந்தக் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் கடற்கரையில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். கூடப் பிறந்தவனுக்குச் சொத்தில் பங்கு உண்டு, நம்ப முடியாது. மனைவியின் அண்ணனோ தம்பியோ என்றால் தன் தங்கையின், அக்காவின் தாலிக்காகவாவது விடமாட்டான். இந்தக் கதையை ஊருக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

பாட்டி அதை அன்று வேறு மாதிரி சொன்னாள். "எங்கண்ணன் கயித்தப் பிடிச்சான், ஒங்க மாமா முங்குனாவ. நான் கரையில நின்னேன். கயித்துக்கு முடிச்சே நான்தான். ஆனா என்னைய ஒருத்தன் படகுல ஏத்துனானா? போட்டுக் குடுங்க மாப்ள."

அப்பா கையெழுத்துப் போட்டார்.

பிறகு ஆய்வு மாணவியாகச் சட்டப் புத்தகங்களையும் புரட்ட வேண்டி வந்தபோது பாட்டியின் முடிச்சை அங்கேயும் பார்த்தேன். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண்கள் படையில் சேரத் தகுதியற்றவர்கள் என்கிறது. மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டுக் குறிப்பிடும் பிரிவுகளில் தவிர. 1957ஆம் ஆண்டு கடற்படைச் சட்டத்தின் 9ஆம் பிரிவிலும் இதே ஏற்பாடு. விதி 'முடியாது' என்பது. பெண்ணுக்குக் கிடைத்தது 'தவிர' என்ற ஒரு சொல். தமிழ் படித்தவளுக்கு இடைச்சொல்லின் அருமை தெரியும், ஆனால் அதில் எத்தனை பேர் குடியிருக்க முடியும்?

மருத்துவர்களும் செவிலியர்களும் போக, அந்தச் சொல்லை அரசு நாற்பது வருடத்துக்கு மேல் திறக்கவே இல்லை. இதில் எனக்கு எரிச்சலூட்டுவது என்.சி.சி.யின் கதை. என்.சி.சி. 1948இல் வந்தது, பெண்கள் பிரிவு 1949இல். அதாவது சுதந்திர இந்தியா தன் கல்லூரிப் பெண்களுக்குக் காக்கி கொடுத்து, வெயிலில் லெஃப்ட் ரைட் போட வைத்து, ரைபிளைப் பிரித்துச் சேர்க்கக் கற்றுக்கொடுத்தது. அவர்கள் போய்ச் சேர ஓர் இடம் 1992இல்தான் வந்தது. இடையில் 43 வருடங்கள். எங்கள் அம்மாக்கள், பெரியம்மாக்கள் வயதுப் பெண்கள் எத்தனை பேர் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போயிருப்பார்கள்! ஒழுக்கம் வரும், ஆளுமை வளரும் என்று சொல்லப்பட்டது. வேலை வரும் என்று யாரும் சொல்லவில்லை.

கடற்படைதான் முதலில் அசைந்தது. 1991 அக்டோபரில் கல்வி, சட்டம், தளவாட வழங்கல் ஆகிய மூன்று கிளைகளில் பெண்கள் அதிகாரிகளாகலாம் என்று அறிவிக்கை வந்தது. ராணுவத்தின் அறிவிக்கை 1992 ஜனவரி 30. அஞ்சல் பணி, சட்டப் பிரிவு, கல்விப் பிரிவு, ஆயுதக் கிடங்கு சார்ந்த சில பொறுப்புகள், வழங்கல் பிரிவில் உணவு அறிவியலாளர், கேட்டரிங் அதிகாரி. கடைசியை நான் இரண்டு முறை படித்தேன். இத்தனை காலம் கழித்துக் கதவைத் திறந்தவர்கள் அடுப்படிப் பக்கமாகவே திறந்திருக்கிறார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சிக்னல்ஸ், பொறியியல், உளவு போன்ற பிரிவுகள் சேர்க்கப்பட்டன. பணிக்காலம் ஐந்தே ஆண்டு. பிறகு அது பத்தாகி, பதினான்காகியது. ஆண்களுக்கு இருந்த நிரந்தரப் பணி கிடையாது.

அந்தக் கதவு திறக்கப்போகும் சமயத்தில் சிம்லாவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த பிரியா ஜிங்கன் என்ற பெண் ராணுவத் தலைமைத் தளபதி ரோட்ரிக்ஸுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார், பெண்களை ஏன் எடுப்பதில்லை என்று. பதில் வந்தது, எடுக்கப்போகிறோம் என்று. 1992 செப்டம்பரில் பரங்கிமலையில் நுழைந்த 25 பெண்களில் அவருக்குத்தான் 001ஆம் எண். 1993 மார்ச்சில் அதிகாரியாக வெளியே வந்தார். காலாட்படைக்குப் போக ஆசைப்பட்டவரைச் சட்டப் பிரிவில் போட்டார்கள். நான் விண்ணப்பித்தபோது இந்தக் கதை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கல்லூரி அலுவலகத்தில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றிருப்பேன்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய இன்னொரு பெண் உண்டு. ஜானகி தேவர். கோலாலம்பூரில் வசதியான தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் பேசிய கூட்டத்தில் போட்டிருந்த நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். அப்போது அவருக்கு 18 வயது. வீட்டில் பூகம்பம். ஜான்சி ராணிப் படையில் சேர விண்ணப்பம் வாங்கினால் அதில் அப்பா கையெழுத்து வேண்டும். அப்பாவோ முடியாது என்கிறார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன், அந்தப் படையின் தலைவி, பேசிப் பார்த்த பிறகுதான் அந்தக் கையெழுத்து விழுந்தது. அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. பிறகு ஜானகி படையின் இரண்டாம் நிலைத் தலைவராக உயர்ந்தார்.

ஜானகியைப் பற்றியாவது புத்தகங்களில் இரண்டு பக்கம் இருக்கும். அந்தப் படையில் பெரும்பகுதி ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். விடியுமுன் பால் எடுக்கப் போனவர்கள். இந்தியாவைக் கண்ணால் பார்க்காமலே இந்தியாவுக்காகச் சீருடை போட்டவர்கள் அவர்களில் பலர். தோட்டத்தில் துரையின் முன் நிமிர்ந்து நிற்கக்கூட முடியாதவர்களுக்கு அங்கே கால்சட்டையும் துப்பாக்கியும் கிடைத்தன, மூன்று வேளை சோறும் கிடைத்தது. எது அவர்களை இழுத்தது என்று இன்று நாம் தேசப்பற்றை மட்டும் எழுதிவிடுகிறோம். நான் எல்லாவற்றையும் எழுதுவேன். 1945இல் பர்மாவிலிருந்து பின்வாங்கும் வழியில் நடந்த தாக்குதலில் உயிர்விட்ட இருவரின் பெயர்கள் ஸ்டெல்லா, ஜோசபின். எங்கள் ஊரில் பனிமய மாதா கோயிலைச் சுற்றியுள்ள எந்தத் தெருவில் நின்று இந்த இரண்டு பெயரைக் கூப்பிட்டாலும் நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். முதன்முதலில் படித்த அன்று என்னால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

எதிர்த்தரப்பிலும் பெண்கள் இருந்தார்கள். பிரிட்டிஷ் இந்திய அரசு 1942இல் பெண்கள் துணைப்படை ஒன்றைத் தொடங்கியது. அதன் கடற்படைக் கிளையிலிருந்து கல்யாணி சென் என்ற அதிகாரி 1945இல் இங்கிலாந்துக்கே போய்வந்தார். போர் முடிந்தது, அந்தப் படையைக் கலைத்தார்கள். ஐ.என்.ஏ.வில் இருந்தவர்களைச் சுதந்திர இந்தியா படையில் சேர்த்துக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் பயிற்சி பெற்ற பெண்கள் கண்முன்னே இருக்கும்போதுதான் 1950இன் அந்த 12ஆம் பிரிவு எழுதப்பட்டது. பெண்களால் முடியுமா என்று தெரியாத காலம் என்று யாரும் சப்பைக்கட்டுக் கட்ட முடியாது.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு அழைப்பு வந்தது. பெங்களூரில் ஐந்து நாள் தேர்வு. அப்பாவும் கூட வந்து சிவாஜி நகரில் ஒரு லாட்ஜில் தங்கினார். முதல்முறை வருகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தை அரசே திருப்பிக் கொடுக்கும் என்பது அவருக்குப் பெரிய ஆச்சரியம். "ஒன்னையப் பாக்குறதுக்கு அவன் காசு குடுக்கான்!" நெஞ்சில் எண் எழுதிய துணியைக் கட்டிக்கொண்டோம். பெயர் கிடையாது, எண்தான். எனக்கு அது பிடித்திருந்தது. யார் மகள், எந்த ஊர், எந்தச் சாதி என்று எண்ணிலிருந்து ஊகிக்க முடியாது. ஊர் விட்டு ஊர் வந்து, நான் நானாக மட்டும் இருந்த முதல் ஐந்து நாட்கள் அவை.

உளவியல் தேர்வில் அறுபது சொற்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். ஒரு சொல்லுக்குப் பதினைந்து விநாடி. பார்த்ததும் மனதில் வரும் வாக்கியத்தை எழுத வேண்டும். எனக்கு வாக்கியம் தமிழில் வந்தது. அதை ஆங்கிலமாக்குவதற்குள் அடுத்த சொல் வந்துவிடும். கவிதை எழுதுகிறவளுக்கு ஒரு சொல்லோடு பதினைந்து நாள் இருந்துதான் பழக்கம். பன்னிரண்டு படங்களுக்குக் கதை எழுத வேண்டும். கடைசிப் படம் வெறும் வெள்ளைத் தாள். அந்த வெள்ளைத் தாளுக்கு மட்டும் நன்றாக எழுதினேன், பாட்டி படகில் ஏறுகிற கதை.

மைதானத் தேர்வில் ஒவ்வொருவரையும் ஒருமுறை தலைவராக்குவார்கள். பலகை, கட்டை, கயிறு கொடுத்து ஒரு தடையைக் கடக்கச் சொல்வார்கள். உதவிக்கு இரண்டு பேரை நாமே தேர்ந்தெடுக்கலாம். தலைவர் திட்டம் போட்டு மற்றவர்களை வேலை வாங்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கயிற்றை நானே பிடித்துக்கொண்டு அந்த இரண்டு பெண்களையும் முதலில் கடக்கவிட்டேன். அவர்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். நேரம் முடிந்தது. நான் இந்தப் பக்கமே கயிற்றோடு நின்றேன்.

கடைசி நாள் தேர்வானவர்களின் எண்களை வாசித்தார்கள். என் எண் இல்லை. காரணம் சொல்வதில்லை, அது அங்கே வழக்கம். அப்பா ஸ்டேஷனில் இரண்டு தட்டு இட்லி வாங்கினார். "சாப்பிடு" என்றார். அதன்பின் அவர் இருந்தவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, யாரிடமும் பேசவிட்டதும் இல்லை.

அங்கே தேர்வானவர்கள் பிறகு எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதை நீதிமன்றத் தீர்ப்புகளில்தான் படித்தேன். நிரந்தரப் பணி கேட்டுப் பெண் அதிகாரிகள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 17 அன்று தீர்ப்பளித்தது. பபிதா பூனியா வழக்கு என்பார்கள். அரசுத் தரப்பின் வாதங்களில் ஒன்று: வீரர்கள் பெரும்பாலும் கிராமப்புற ஆண்கள், பெண்ணின் ஆணையை ஏற்கும் மனநிலை அவர்களுக்கு இன்னும் வரவில்லை. இன்னொன்று: தாய்மை, குடும்பப் பொறுப்பு. நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. ஆணின் பழக்கக்கேட்டுக்குப் பெண்ணின் பதவியை அபராதமாகக் கட்டச் சொல்லும் அந்த வாதம், பதினான்கு வருடம் தன்னிடம் வேலை பார்த்த பெண்களை வைத்துக்கொண்டே ஓர் அரசு சொன்னது. சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச் 17இல் கடற்படை அதிகாரிகளின் வழக்கு, ஆனி நாகராஜா. அதில் வந்த வாதம், சில கப்பல்களில் பெண்களுக்குக் குளியலறை வசதி இல்லை என்பது. அதுவும் நிற்கவில்லை.

உப்பளத்து ஊர்க்காரிகளுக்கு இந்த வாதம் புதிதல்ல. எங்கள் ஊர் உப்பளங்களில் காலையிலிருந்து பாத்தியில் நிற்கிற பெண்கள் ஒதுங்க இடமில்லாமல், அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் வேலை பார்க்கிறார்கள். அங்கே கழிப்பறை இல்லை என்பதற்காக எந்த முதலாளியும் பெண்களை வேலைக்கு எடுக்காமல் இருந்ததில்லை. கூலி குறைவான இடத்தில் வசதி இல்லாதது ஒரு பொருட்டே இல்லை. அதிகாரம் இருக்கிற இடத்தில் மட்டும் அது சட்டவாதமாகிவிடுகிறது.

2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வும் பெண்களுக்குத் திறந்தது. பதினேழு பெண்கள் 2025 மே மாதம் அங்கிருந்து முதல் அணியாகப் பட்டம் பெற்று வெளியே வந்தார்கள். ஆனாலும் என் மாணவி கொண்டுவந்த அந்தச் சிறப்பு நுழைவுத் திட்டத்தில் பல அறிவிப்புகளில் நான் பார்த்த எண்ணிக்கை ஆண்களுக்கு 50, பெண்களுக்கு 5. அப்பா இருந்திருந்தால் மூட்டை எண்ணுகிற குரலில் இதையும் வாசித்திருப்பார்.

பெண்ணியத் தோழிகள் சிலர் என்னிடம் சண்டை போடுவார்கள். துப்பாக்கியில் என்ன விடுதலை, 2018 மே 22ஐ மறந்துவிட்டாயா என்று. மறக்கவில்லை. பதின்மூன்று பேரைச் சுட்டுக் கொன்ற ஊரில்தான் நானும் காய்கறி வாங்குகிறேன். சீருடையைப் பார்த்தால் என் வயிறும் கலங்குகிறது. ராணுவம் வேண்டாம் என்று ஒரு பெண் சொல்லலாம், நானே பல நாள் சொல்லியிருக்கிறேன். அவளுக்குக் கொடுக்கப்படாத ஒன்றை அவள் எப்படி மறுப்பாள் என்பதுதான் என் சிக்கல். அவளுக்காக வேறு யாரோ மறுத்துவிடுகிறார்கள், அதற்கு அக்கறை என்று பெயரும் வைத்துவிடுகிறார்கள்.

புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியாரின் மூதின்முல்லைப் பாட்டை ஒவ்வொரு வருடமும் நடத்துகிறேன். பிறந்த வீட்டு ஆண் ஒரு போரில் போனான், கணவன் அடுத்த போரில் போனான். இன்று மறுபடி பறை கேட்கிறது. இருப்பது ஒரே மகன். அவன் தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள் தாய். எழுதியவர் பெண் என்பதில் எனக்கு எப்போதும் பெருமை. இந்த வருடம் அந்த மாணவி எழுந்து கேட்டாள்: "வேல் அவ கையிலதான மேம் இருக்கு. அப்புறம் எதுக்குச் சின்னப் பையன்?" வகுப்பு சிரித்தது. நான் உரையாசிரியர்கள் பக்கம் போய்த் தப்பித்தேன்.

விண்ணப்பத்தில் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். என் கேள்வியை அவள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து அவளுடைய அம்மா கல்லூரிக்கு வந்தார். உப்பளத்து வேலை முடிந்து நேராக வந்திருந்தார். கணுக்கால் வரை வெள்ளை பூத்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மகளைப் போகவிடாதீர்கள் என்று சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து நான் பதிலை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அங்க பொம்பளப் பிள்ளைங்களுக்குக் கக்கூசு இருக்கும்லா?"

"இருக்கும்மா. பரங்கிமலையில முப்பது வருசத்துக்கு மேல பொம்பளப் பிள்ளைங்க படிக்காங்க."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, நாலரை பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.